கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நாற்பது மணி நேரத்தில் முப்பத்தொன்பது முடிந்திருந்தது. மனித வளர்ச்சியும் குடும்ப அறிவியலும் படிப்பவர்கள், பல்கலைக்கழக மழலையர் அறையை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பார்த்தாக வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதலாம். நினைத்ததை எழுதக் கூடாது. அந்த மாணவிகளில் ஒருத்தி, வாயைத் திறக்கவே கூச்சப்படும் அவளுக்கென்றே செய்து வைத்த வேலை.

கடைசி மணி நேரத்தில், உள்ளே பேசுவதை அவள் பக்கம் கொண்டுவரும் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. உள்ளே குழந்தைகளின் வாய்கள் மட்டும் அசைந்தன. யாரோ கதவைத் தட்டியிருக்க வேண்டும்: எல்லாத் தலைகளும் திரும்பின, அதைப் பார்த்துத்தான் அவள் தலை திரும்பியது. ஆசிரியை ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நொடி கழித்து அவளும் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. இந்த ஒரு நொடித் தாமதத்தை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள்.

அக்கா மகனுக்கு வீட்டில் ஜட்ஜ் ஐயா என்று பெயர். சிரிப்பதா திரும்புவதா என்பதற்கெல்லாம், நாலு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அவனுடைய தீர்ப்பு. இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று அக்கா எல்லார் வாயையும் அடைத்துவிடுவாள்.

மனதில் பட்டதைச் சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் பையனுக்குத்தான் நஷ்டம் என்று பாடத்தில் படித்திருந்தாள்.

மாலையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அவனைக் கொஞ்சம் கூப்பிடேன்."

"ஆரம்பிச்சிட்டியா? என் பிள்ளை உன் பரிசோதனை எலி இல்லடி."

"ஒரே ஒரு தடவை."

அக்கா கூப்பிட்டாள். அவன் திரும்பினான்.

"பாத்தியா? போய் மார்க் வாங்குற வழியைப் பாரு."

அவள் பார்த்தது வேறு. கூப்பிடும்போது அக்காவின் குதிகால் மரத்தரையில் இரண்டு முறை தட்டியது; பையன் உட்கார்ந்திருந்த பலகை வரை அதிர்ந்தது. யோசித்தால், எப்போதும் தட்டும்.

"காலை மேல தூக்கி வெச்சுக்கிட்டுக் கூப்பிடுக்கா."

அக்காவின் கையில் குட்டிச் சட்டை அரை மடிப்பில் நின்றது. கால்களை நாற்காலிக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. பையன் இன்னொரு கட்டையை எடுத்து வைத்தான்.

"எப்பலேருந்துக்கா தட்டுற?"

"போன வருஷத்துலேருந்து."

அக்கா சட்டையை மடித்து முடித்தாள்.

"உன் வாயிலேருந்து வந்துடுமோன்னு தினம் பயந்துக்கிட்டே இருந்தேன். நானே சொல்லிடுறேன். அவனுக்குக் காது கேக்கலடி."