கார் திரும்பும் வரை

"இதுக்கு மேல அமுக்க வேணாம்மா, ஒடிஞ்சாலும் ஒடிஞ்சிரும்," என்று சவப்பெட்டிக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் முழங்கால்கள் மடங்கியபடியே நின்றன. தலையணையை உருவிய பிறகும் தலை அதே உயரத்தில் இருந்தது. முதுகு பாதிதான் படுக்கையைத் தொட்டது. இந்த லட்சணத்தில் பெட்டியை மூட முடியாது, கடையில் ஆழமான பெட்டி ஒன்று இருக்கிறது, ஆளை அனுப்பி எடுத்துவரச் சொல்கிறேன் என்றார் பெட்டிக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே தொழில் பழக்கத்தில் இன்னொன்றும் சொன்னார்.

"படுக்கையில போனவர் மாதிரி தெரியலியே. சாஞ்சு உக்காந்தவாக்குல போயிருக்காரு."

அம்மா சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல இருந்தாள். மூத்தவளுக்கு அம்மாவைத் தெரியும். காது கேட்காதவளாக அவள் ஆகிவிட்டாள் என்றால் எல்லாம் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூத்தவள் அப்பாவின் கால்களையே பார்த்தாள். முழங்காலுக்கு அடியில் ஒரு மேடு, முதுகுக்கு ஒரு சரிவு, தலைக்கு ஒரு சின்ன ஏற்றம். அந்தச் சாய்வை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். சிறுவயதின் விடுமுறையெல்லாம் கடற்கரையின் அந்தச் சாய்வு நாற்காலிகளுக்கு நடுவில்தான் வீணாய்ப் போனது. நேற்று மாலை லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலையாக இருந்தவளுக்குத் தம்பி போன் பண்ணி, மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் கண்ணயர்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை என்று சொல்லியிருந்தான். சொல்லும்போது அவன் குரல் ஒப்பிப்பது போல இருந்ததை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

குளியலறைக்குப் போனாள். நினைத்தது சரியாகத்தான் இருந்தது. வாளியில் அப்பாவின் பூப்போட்ட சட்டை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் மணல் படிந்திருந்தது.

அப்பாவை ஊரில் குடைக்காரர் என்பார்கள். கடற்கரை மேம்பாட்டு அலுவலகத்தில் கள உதவியாளர் என்பது காகிதத்தில் இருந்த பதவி. உண்மையான வேலை, ஆளில்லாத கடற்கரையை ஆளுள்ள கடற்கரையாகக் காட்டுவது. ஓட்டல் கட்டப் பணம் போடுகிறவர்கள் வெளியூர்களிலிருந்து வருவார்கள். ஊரில் அவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் என்று பெயர். வருவார்கள், பார்ப்பார்கள், வயிறு நிறையச் சாப்பிடுவார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். முதல்முறை வந்தவர்கள் வெறும் மணலைப் பார்த்துவிட்டு, இங்கே யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்தமுறை அப்பா பதினைந்து குடைகளை நட்டு, குடைக்கு அடியில் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தையும் தொப்பி போட்டுப் படுக்கவைத்தார். அலுவலக இயக்குநர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டில் குடும்பமே அவுட்.

விதிகளை அப்பாவே வகுத்தார். பக்கத்து நாற்காலியில் கட்டின மனைவியே படுத்திருந்தாலும் அந்நியர் போல இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர்களுடைய கார் வளைவில் திரும்பும் வரை எது நடந்தாலும் ஒருவரும் எழுந்திருக்கக்கூடாது. கல்லூரி போகிற வயதிலும் மூத்தவள் அங்கே உட்கார்ந்து மணல் வீடு கட்டியிருக்கிறாள். ஒருநாள் குளவி கொட்டி அவள் எழுந்து ஓடியதற்கு அப்பா மூன்று நாள் பேசவில்லை.

"அந்த ஓட்டல் வந்தா உங்களை உள்ள விடுவாங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"விடவேணாம். வந்தா போதும்," என்றார். அவள் அதன்பிறகு கடற்கரைப் பக்கம் போகவில்லை. வீட்டில் இருந்துகொண்டே அவரோடு முறைத்துக்கொண்டு இருப்பது பழகிவிட்டது. இனி யாரோடு முறைப்பது என்று இப்போது நினைத்தாள், அதற்கும் அவர்மேலேயே கோபம் வந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். பெட்டிக்காரர் நாசூக்காக வெளியே போனார்.

"எங்கம்மா செத்தாரு?"

அம்மா வாளியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"நான் அடுத்த நாற்காலியில இருந்தேன். மூஞ்சி மேல தொப்பியப் போட்டுக்கிட்டாரு. தூங்குற மாதிரி நடிக்கறப்ப அப்படித்தான் பண்ணுவாரு. மூச்சு விட்டா தொப்பி ஏறி எறங்கும்ல. ஏறவே இல்ல. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

"அவங்க கார் நின்னுக்கிட்டிருந்துச்சு." அம்மா வாளியைச் சற்றுத் தள்ளி வைத்தாள். "அங்கயே மேஜை போட்டு மத்தியானம் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. நான் எந்திரிச்சிருந்தா எல்லாரும் எந்திரிச்சிருப்பாங்க. அப்புறம் உங்கப்பா வந்து என்னைத் திட்டுவாரு."

மூத்தவள் திட்டலாம் என்று வாயெடுத்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

இயக்குநர் வந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பெரிய மலர்வளையம் ஒன்றை டிரைவர் தூக்கிக்கொண்டு வந்தார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி, அப்பாவின் காலடியில் நின்று, கண்ணை மூடித் திறந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. பிறகு மூத்தவளை ஓரமாக அழைத்து, தூக்கத்திலேயே போவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்.

"எங்க தூங்கினாரு சார்?"

"வீட்லதானேம்மா."

"அந்தக் காலைப் பாத்துட்டுச் சொல்லுங்க. எங்க வீட்ல அப்படி ஒரு கட்டில் இல்ல."

இயக்குநர் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். தனக்கே பிறகுதான் தெரியும் என்றார். தெரிந்ததும் தன் காரிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்ததைச் சொன்னார். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் ஒரு கடற்கரையில் முதல் ஓட்டல் வருவதற்கு முன்பே முதல் சாவு விழுந்தது என்று வெளியே போனால் எவன் வந்து பணம் போடுவான் என்று கேட்டார். அப்புறம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"வந்தவங்கள்ல ஒரு அம்மா அவரை போட்டோகூட எடுத்தாங்க. ஒரு மனுஷன் இவ்வளவு நிம்மதியா தூங்கறத எங்க ஊர்ல பாத்ததே இல்லன்னாங்க. அங்கயே முடிவு பண்ணிட்டாங்கம்மா. உங்கப்பாவாலதான்."

மூத்தவளுக்கு அந்த மனிதரின் நல்ல சட்டையைக் கொத்தாகப் பிடிக்கக் கை துடித்தது. கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். சாயங்கால வெயிலில் இடத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு அவர்கள் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அதனால் சவ வண்டி கடற்கரைச் சாலையில் வராமல் சந்தைக்குப் பின்னால் போய்விட்டால் நல்லது. அப்புறம், ஆட்கள் வேண்டும். அப்பா பழக்கிய ஆட்களே வேண்டும், புதிதாக யாரை உட்காரவைத்தாலும் வந்தவர்களை வெறிக்கிறார்கள்.

"அவங்கள்லாம் இங்க சாவுக்கு வந்திருக்காங்க சார்."

"தெரியும்மா. வேன் வாசல்லதான் நிக்குது," என்றார். "தம்பி வேலை என் பொறுப்பு. எல்லாம் நல்லபடியா முடியட்டும்."

தம்பி அந்த அலுவலகத்தில்தான் தற்காலிக ஆளாகக் குடை தூக்கிக்கொண்டிருந்தான். இன்று நிரந்தரம் நாளை நிரந்தரம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூடம் காலியாக ஆரம்பித்தது. பெரியப்பா முதலில் போனார். எதிர்வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, இதுவும் அவருக்குச் செய்கிற மரியாதைதானே என்றாள். சித்தி குனிந்து செருப்பைத் தேடினாள். ஜன்னல் வழியாக மூத்தவள் பார்த்தாள். வேனுக்குள் அப்பாவின் பெரிய பையைத் திறந்து தொப்பிகளையும் வண்ணச் சட்டைகளையும் எடுத்து ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பையை அடுக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சண்டை சச்சரவில்லாமல் நடந்தது.

தம்பி வந்தான். கல்லறையில் குழி வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க முன்னால் போவதாகச் சொன்னான். காலையில் அவள் மெருகேற்றிக் கொடுத்த கறுப்பு ஷூவைக் குனிந்து கட்டினான். நிமிர்ந்தபோதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், அழுதிருப்பான் என்று நினைத்தாள்.

ஆழமான பெட்டி வந்தது. அப்பா அதற்குள் மடங்கிய காலோடு அடங்கினார். மூடி பொருந்தியது. சவ வண்டியில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அம்மாவும், கதவோரம் மூத்தவளும் ஏறிக்கொண்டார்கள். பின்னால் வர நாலு பேர்கூட இல்லை.

"கடற்கரை ரோட்டுல போங்க," என்றாள் மூத்தவள்.

டிரைவர் தயங்கினார். "ஆபீஸ்ல பின்பக்கமா போகச் சொன்னாங்களே."

"செத்தது அவங்க அப்பா இல்ல."

டிரைவர் வண்டியைத் திருப்பினார். அம்மா தடுக்கவில்லை. மூத்தவள் மனத்துக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அவர்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்துவாள். இறங்கிப் பின்கதவைத் திறந்து மூடியைத் தூக்குவாள். நீங்கள் போட்டோ எடுத்த மனிதர் இவர்தான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பாள். போட்டோ எடுத்த அந்த அம்மாவிடமே சொல்வாள். அதற்கப்புறம் ஓட்டலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நினைக்க நினைக்க உடம்பு லேசானது.

சாயங்கால வெயில் சாய்ந்து கடல் பளபளத்தது. குடைகள் வரிசையாக நின்றன. பெரியப்பா நீலத் தொப்பிக்கு அடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா கையில் ஏதோ பானம் வைத்திருந்தாள். சித்தி குப்புறப் படுத்திருந்தாள். கடல் ஓரமாக வெளியூர்க்காரர்கள் நின்றார்கள், நடுவில் இயக்குநர் கையை அகல விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். விரித்த கை அப்படியே நின்றது.

"இங்க நிறுத்துங்க," என்றாள்.

வண்டி நின்றது. நாற்காலிகளில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அது யாருடைய வண்டி, உள்ளே யார் என்று. ஒரு தலையும் திரும்பவில்லை. பெரியப்பா பக்கத்தைப் புரட்டினார்.

மூத்தவள் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். அப்போதுதான் சாலையோர முதல் வரிசையில் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இல்லை. அதேபோன்ற பூப்போட்ட சட்டை போட்ட ஒருவன் முழங்காலை மடக்கி, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துப் படுத்திருந்தான். நாற்காலிக்கு அடியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ மணலில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஷூவின் பளபளப்பு அவளுடைய கைவேலை.

இறங்கி அவனை உலுக்கி எழுப்பி அறைய வேண்டும் போலிருந்தது. அவன் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அதோடு அவன் பிழைப்பும் போகும். அவள் ஒற்றைக் காலைத் தரையில் வைத்தபடியே இருந்தாள். கடல் பக்கத்திலிருந்து இயக்குநர் மெதுவாக இவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார், புன்னகை மாறாமல்.

அம்மா அவள் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு அது?"

"தம்பி."

அம்மா ஆச்சரியப்படவில்லை. மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"தொப்பி அசையுதா பாரு."

மூத்தவள் பார்த்தாள். காற்றில் குடையின் விளிம்பு ஆடியது, நிழல் அவன் மேல் முன்னும் பின்னும் போயிற்று. "தெரியலம்மா."

"நல்லா பாரு."

இருவரும் பார்த்தார்கள். தொப்பியின் ஓரம் லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி உயர்ந்தது, இந்தமுறை நடுங்கி நடுங்கி.

"அசையுதும்மா."

அம்மா மணிக்கட்டை விட்டாள்.

"சரி. போகச் சொல்லு."

மூத்தவள் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது. வளைவில் திரும்பும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா பக்கக் கண்ணாடியில் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.