இரண்டு விரல் கறுப்பு

நவம்பர் மாதம் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதல் வானம் மூடிக் கிடந்தது. காற்று இருந்தது, மழை இல்லை. எப்படியும் பெய்துவிடும் என்று நம்பி அனைவரும் குடையோடு வந்திருந்தமையால், மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நோயாளிகளைக் காட்டிலும் குடைகளே அதிகமான நாற்காலிகளில் அமர்ந்திருந்தன.

நான் லிப்ட் மெக்கானிக். எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் ஊழியர் அனைவரையும் உடற்பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அவ்வாண்டு எடுத்த படத்தில் எனது வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தென்பட்டது. பின்னர் ஸ்கேன் எடுத்தார்கள். புள்ளி அதிலும் இருந்தது. அதனைப் பற்றி முடிவு கூறுவதற்காகவே நெஞ்சு மருத்துவர் அன்று என்னை வரவழைத்திருந்தார்.

“இது பழைய தழும்பா இருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம்,” என்றார் அவர். “புதுசா முளைச்சதா இருந்தா உடனே வெட்டி எடுக்கணும். ஊசி போட்டு எடுத்துப் பாக்கலாம்னா இடம் சரியில்ல. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது.”

“கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தா என்ன சார்?”

“நாம பொறுத்துக்கலாம். அது பொறுத்துக்குமான்னுதான் தெரியாது. முன்னாடி எப்பவாவது நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?”

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு லிப்ட் குழியில் ஏணியிலிருந்து விழுந்து வலப்பக்கக் காறை எலும்பை முறித்துக்கொண்டேன். அப்போது தோளைப் படம் எடுத்தார்கள். நெஞ்சு அல்ல, தோள்தான் என்று தயக்கத்தோடு கூறினேன்.

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது போதும். தோள் படத்துல நுரையீரலோட மேல்பக்கமும் விழும். உங்க புள்ளி காறை எலும்புக்கு நேர் கீழதான் இருக்கு. அந்தப் படத்துல இதே அளவுல இருந்துச்சுன்னா நானே வாசல் வரைக்கும் வந்து உங்களை வழியனுப்பி வைக்கறேன். இல்லன்னா திங்கட்கிழமை காலையில முதல் ஆளு நீங்கதான். ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. ஆறு மணிக்கு ஆபரேஷன் பட்டியலை அனுப்பிடுவேன்.”

நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தபின் ஏணியேறி வேலை பார்க்க இயலுமா என்று கேட்டேன். உட்கார்ந்து செய்யும் வேலை ஏதேனும் நிறுவனத்தில் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவே விடையாயிற்று. லிப்ட் குழிக்குள் நாற்காலி போட்டவர் எவரும் இலர்.

ஆயினும் நான் மகிழ்ச்சியாகவே வெளியேறினேன். அப்படத்தை எடுத்த சிறிய மருத்துவமனை மூடப்பட்டு மரச்சாமான் கடையாக மாறிவிட்டது எனினும், படம் எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் பழுப்பு உறையில் பத்திரமாக இருந்தது. பேருந்தில் வருகையில், வழியனுப்ப வரும் மருத்துவரிடம் எவ்வாறு நன்றி கூறுவது என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

பீரோவின் மேல் தூசியில் நீள்சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

ஆடைத் தொழிற்சாலையில் மாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி, தலையில் குத்தவிருந்த ஊசியை வாயில் கவ்வியபடியே திரும்பினாள்.

“என்னங்க தேடறீங்க? டாக்டர் என்ன சொன்னார்?”

“இங்க இருந்த படம் எங்க? என் தோள் படம்.”

“அதையா? குருவி கொண்டுபோயிட்டாளே. பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டுவரச் சொல்லி டிராயிங் மிஸ் கேட்டாங்களாம். எலும்பு கூடி எத்தனை வருஷமாச்சு, சும்மா தூசி பிடிச்சுக் கிடக்குதேன்னு நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் குடுத்தேன்.” பின்னர் என் முகத்தைப் பார்த்து ஊசியைக் கையில் எடுத்தாள். “ஏங்க? வேணுமா அது?”

குருவி என்பது எங்கள் மகள். பத்து வயது. ஓரிடத்தில் உட்காராதவள் ஆகையால் அப்பெயர்.

நான் செய்தியைக் கூறினேன். மனைவி கட்டிலில் அமர்ந்தாள். “நான் லீவு சொல்லிடறேன். நானும் வரேன்.”

“வேண்டாம். படம் ஸ்கூல்ல இருக்கும். வாங்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போறேன். நீ போ.”

தொழிற்சாலையில் கைப்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். “எப்படி எனக்குச் சொல்லுவீங்க?” என்று படியிறங்கும்வரை கேட்டுக்கொண்டே சென்றாள்.

நான் பள்ளியை அடைந்தபோது இறுதி மணி அடித்துப் பிள்ளைகள் சென்றுவிட்டிருந்தனர். பள்ளிப் பேருந்தும் புறப்பட்டுவிட்டது. மறுநாள் கண்காட்சி என்பதால் ஓவிய அறையில் மட்டும் சில பிள்ளைகள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் ஒரு சிறுமி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“மிஸ்! செவுத்துல இருக்கற மீசை நேர்ல வந்திருக்கு!”

“ஏய், பெரியவங்களை அப்படியா சொல்றது?” என்று கூறியபடி வந்த ஓவிய ஆசிரியை, என்னைப் பார்த்ததும் தாமும் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். “மன்னிச்சுக்குங்க சார். நீங்க குருவியோட அப்பாதானே? விசாரிக்கவே வேண்டாம்.”

அவர் காட்டிய பின்சுவரில் நான் இருந்தேன். தொழிலாளர் அணியும் தலைக்கவசம் ஒன்று, அதன் கீழே ஒரு மீசை. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. அதே உருவம் மும்மூன்றாக மூன்று வரிசை. ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா, ஒன்று பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அருகே வேறொரு பிள்ளையின் ரப்பர் செருப்புகள் வரிசையாக நின்றன. அதற்கப்பால் கெட்டில்கள், சோப்புப் பெட்டிகள், ஒரு சுவர் முழுதும் பூட்டுகள். கடையில் அடுக்கிய சரக்கு போலவும், அதே சமயம் திருவிழா போலவும் இருந்தது.

“தெருச்சுவர்ல அச்சு வச்சு வரையறாங்களே, அந்த மாதிரி,” என்று ஆசிரியை விளக்கினார். “வீட்டுல தினம் கண்ணுல பட்டும் யாரும் பாக்காத ஒண்ணை வரையச் சொன்னேன். எல்லாரும் பொருளைக் கொண்டுவந்தாங்க. இவ மட்டும் அப்பாவைக் கொண்டுவந்தா.”

காகிதத்தில் ஓட்டையாக வெட்டிய அச்சு வண்ணம் பட்டால் ஊறிவிடும். எக்ஸ்ரே படம் ஊறாது, பல முறை அச்சிடலாம். அதனால்தான் பழைய படங்களைக் கேட்டாராம். நான் வந்த காரணத்தைக் கூறினேன். கூறிக்கொண்டிருக்கும்போதே என் கண் ஜன்னலோரம் சென்றது. அங்கே கயிற்றில் அச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. பூட்டும் செருப்பும் வெட்டப்பட்ட அத்தகடுகள் யாவும் ஜன்னல் கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்தன. எலும்பு இல்லை, நிழல் இல்லை. அவற்றினூடே விளையாட்டுத் திடலும் மழைமேகமும் தெரிந்தன.

“இதெல்லாம் எக்ஸ்ரேயா?” என்றேன்.

ஆசிரியையின் முகத்திலிருந்து சிரிப்பு முழுவதும் வடிந்துவிட்டது. “பிளீச்சிங் தண்ணியில ஊறவச்சோம் சார். கறுப்பு போனாத்தான் அடியில வச்ச படம் தெரியும், பிள்ளைங்க கோடு பாத்து வெட்ட முடியும். எல்லாத்தையும் ஊறவச்சோம்.”

மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகள் பீரோவின் மேல் ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் இருந்த எனது நுரையீரல், அவ்வாளியின் வழியாகச் சாக்கடைக்குச் சென்றிருந்தது. யாரைக் கோபிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பழைய படம் கேட்டார். பழைய படம் கொடுத்தோம்.

அப்போது துடைப்பத்தைப் போட்ட சிறுமி, “மிஸ், மேல மட்டும் போகலையே,” என்றாள்.

ஆசிரியை சட்டென்று தம் கைப்பேசியை எடுத்தார். வாளி ஆழம் குறைந்தது. பிள்ளைகள் தகட்டின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். ஆகவே எல்லாவற்றிலும் நீளமான குருவியின் தகட்டில் மட்டும் மேலே ஒரு பட்டை கறுப்பாகவே தங்கியிருந்தது. குருவி தன் அச்சை இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. தகட்டின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்திற்குக் கறுப்பு. அக்கறுப்பில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. அது என் காறை எலும்பு. அதன் கீழே, விளிம்பை ஒட்டி, ஏதோ ஒரு வெள்ளைப் பொட்டு.

அப்புகைப்படத்தை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய அழைப்பிற்காக ஒரு பிள்ளையின் சிறிய நாற்காலியில் அமர்ந்திருந்தேன். முழங்கால்கள் மார்பில் இடித்தன.

“நல்லா இருக்குங்க பொண்ணு சிரிப்பு,” என்றார் மருத்துவர். “எலும்புக்குக் கீழ ஏதோ தெரியுது. புள்ளியாவும் இருக்கலாம், பெயிண்ட் தெறிச்சதாவும் இருக்கலாம். போன் படத்தை வச்சு நான் முடிவு சொல்லக் கூடாது. அந்தத் துண்டைக் கொண்டாங்க, விளக்குல வச்சுப் பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். கொண்டுவர நேரமில்லன்னா, கையில கிடைச்சுதுன்னு ஒரு போன் பண்ணுங்க, பட்டியலை நிறுத்தி வைக்கறேன்.”

கயிற்றில் தொங்கிய தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மீசை மட்டும் இல்லை.

“அதுல பெயிண்ட் நிறைய ஒட்டியிருந்துச்சு,” என்றாள் சிறுமி. “நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க, வீட்டுல கழுவிக் கொண்டாரேன்னு எடுத்துட்டுப் போயிட்டா.”

மழை அப்போதுதான் தொடங்கியது. பேருந்து நிறுத்தத்திலிருந்தே கீழ்வீட்டு அக்காவை அழைத்தேன். மாலையில் குருவிக்குச் சாவி கொடுப்பவர் அவரே.

“வந்துட்டாளா அக்கா?”

“வந்துட்டாளே. மேல என்னமோ கழுவிக்கிட்டிருக்கா. குழாய்ச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”

“அக்கா, கொஞ்சம் மேல போய் எதையும் கழுவ வேண்டாம்னு சொல்லுங்க. அவசரம்.”

“என் முட்டியை வச்சுக்கிட்டு மூணு மாடியா? லிப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல ஒரு லிப்ட் இல்ல பாரு! இரு, கத்திப் பாக்கறேன்.”

அவர் படிக்கட்டின் அடியில் நின்று கத்துவது கைப்பேசி வழியாக எனக்குக் கேட்டது. குருவீ, குருவீ என்னும் அவ்வொலி மாடி மாடியாக ஏறி எங்கோ நின்றுவிட்டது. பதிலுக்குக் குழாய்ச் சத்தம் மட்டுமே. அக்கா மூச்சு வாங்கியபடி, “காதுல விழல தம்பி. யாராச்சும் வந்தா சொல்லி அனுப்பறேன்,” என்றார்.

பேருந்து வந்தது; மேம்பாலத்தின் மேல் நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். இறங்கி ஓடலாம் என்று கதவருகே சென்றேன். “பாலத்துல கதவைத் திறக்கக் கூடாது சார்,” என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. நின்றுபோன லிப்டுக்குள் சிக்கியவர்களிடம் வெளியிலிருந்து நான் வழக்கமாக உரைப்பது என்னவோ, அதனையே அப்போது எனக்கு நானே உரைத்துக்கொண்டேன்: பதற்றப்படாதீர்கள், காற்று வரும், ஆள் வந்துகொண்டிருக்கிறார். இவ்வார்த்தைகளால் உள்ளே இருப்பவருக்கு எள்ளளவும் பயனில்லை என்பது அன்று தெரிந்தது.

பேருந்து நகர்ந்தது. நிறுத்தத்தில் இறங்கி மழையில் ஓடினேன். மூன்று மாடிகளையும் ஏறி முடித்தபோது மூச்சு இரைத்தது. இரைப்பது புள்ளியாலா, படியாலா என்பதை அறிய வழியில்லை.

கதவு திறந்திருந்தது. வீடெங்கும் பிளீச்சிங் நெடி. குளியலறை வாசலில் குருவி நின்றாள். கைகளில் எனது வேலைக் கையுறைகள். முழங்கை வரை ஏறியிருந்தன. அவற்றிலிருந்து நீர் சொட்டியது.

“அப்பா! உள்ள வராத, வழுக்கும். கண்ணை மூடு.”

“அம்மாடி, அந்த அச்சு எங்க?”

“கண்ணை மூடுன்னா மூடணும்.”

மூடினேன். அதைத் தவிர நான் செய்யக்கூடியது வேறொன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை.

“இப்பத் திற.”

அவள் தகட்டை விளக்கிற்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீரைப் போல இருந்தது. நடுவே தலைக்கவசமும் மீசையும் ஓட்டைகளாக. அம்மீசையின் வழியாக அவளது ஒரு கண் என்னைப் பார்த்தது.

“மேல கறுப்பா அழுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுப்பா. பெயிண்ட் போயிடுச்சு, அது மட்டும் போகவே இல்ல. அப்புறம் மிஸ் பண்ணின மாதிரியே டப்புல பிளீச்சிங் கலந்து, தலைகீழா வச்சு ஊறப்போட்டேன். கையுறை போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன், திட்டாத. இப்பப் பாரு, ஒரு பொட்டு அழுக்கு கூட இல்ல!”

நான் தகட்டை வாங்கி விளக்கில் பிடித்தேன், சாய்த்தேன், திருப்பினேன். எலும்பு இருந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. டப்பில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. குனிந்து அதையும் பார்த்தேன்.

“ஏம்ப்பா, நல்லா இல்லையா?” குரல் சற்றுத் தாழ்ந்தது. “எதுக்கு ஓடி வந்த? நான் எதையாவது கெடுத்துட்டேனா?”

“இல்ல அம்மாடி. நாளைக்குக் கண்காட்சின்னு சொன்னாங்க. பாக்கலாம்னு வந்தேன். கண்ணாடி மாதிரி இருக்கு.”

“உன் மீசை கொஞ்சம் கோணலா வெட்டிட்டேன். நீ ஆடிக்கிட்டே இருந்தியா, வரைய முடியல. திங்கட்கிழமை எல்லாரும் வேற வேற செவுத்துல அச்சு வைக்கப்போறோம். நீயும் வரியா?”

“திங்கட்கிழமை அப்பாவுக்கு வேலை இருக்கு.”

“எப்பவும் வேலை,” என்று அலுத்துக்கொண்டு, தகட்டை என்னிடமிருந்து இரு கையுறைகளாலும் வாங்கினாள். துணிக்கொடியில் எனது சட்டைக்கும் அவள் அம்மாவின் துண்டுக்கும் நடுவே இரண்டு கிளிப் போட்டு மாட்டினாள். தள்ளி நின்று அழகு பார்த்தாள். கீழிருந்து அக்கா, “குருவீ, எதையும் கழுவாதியாம்!” என்று மீண்டும் ஒருமுறை கத்தினார். “கழுவி முடிச்சாச்சு அத்தே!” என்று இவள் பதில் குரல் கொடுத்தாள்.

நான் சமையலறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு மருத்துவரை அழைத்தேன்.

“கிடைச்சுதா?” என்றார்.

“இல்ல சார்.”

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. “சரி. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க. திங்கட்கிழமை காலையில வீட்டம்மாவோட வந்துடுங்க. பேரைச் சேத்துடறேன்.”

சரி என்றேன். அடுப்பின் மேல் மாட்டிய கடிகாரத்தில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு.