வாய்மேல் கை

மேல்வரிசை உறை எப்போதும் அடம்பிடிக்கும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் விடும். விடும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், கூடவே கயிறு மாதிரி எச்சில். ஆபீஸ் கழிப்பறையில், வாஷ்பேசின் கண்ணாடி முன்னால், வாயை ஆவென்று பிளந்துகொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டு நான் நின்றிருந்த அந்தக் கோலத்தில்தான் கதவு திறந்தது.

உள்ளே வந்தது சென்ட். பக்கத்து டீம். அவள் வருவதற்கு முன்னால் அவள் வாசனை வரும் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கென்று பார்த்து வாசனையும் அவளும் ஒன்றாக வந்துவிட்டார்கள்.

"ஐயோ, அலைனரா? நான் கவனிக்கவே இல்லையே!"

கவனிக்கவே இல்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் கவனித்தவர்கள். நான் பல்லை நேராக்க மாட்டியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் குழாயில் கழுவி டப்பாவில் போட்டேன்.

"எனக்கு எட்டாவது படிக்கும்போதே கிளிப் போட்டு முடிச்சுட்டாங்க. நான் அழுதேன், அப்பா விடவே இல்ல. நீங்க ஏன் இவ்ளோ லேட்டா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நேர்கோடு போட்ட மாதிரி பல். எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். எட்டாவதில் அழுவதற்கு ஒரு கிளிப்பும், விடாமல் பிடிக்க ஒரு அப்பாவும் இருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பல்லுக்கு இருந்த ஒரே வைத்தியம் பிடுங்குவது. வலிக்காத பல்லைக் காட்ட டாக்டரிடம் போவதாக நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால், கொழுப்பு என்று சொல்லியிருப்பார்கள். சொல்பவர்கள் தப்பானவர்களும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல், யார்மேலும் கோபப்பட முடியாது.

கண்ணுக்கே தெரியாது என்றுதான் பல் டாக்டர் சொன்னார். உறை தெரியாது, சரி. அது பிடித்துக்கொள்வதற்காகப் பல்மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன மேடுகள்? அதைப் பற்றி ஒட்டும்போதுதான் சொன்னார். டியூப்லைட் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் என் பல் முழுக்க ஈரமாக மினுங்கும். சாப்பிட ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும், சாப்பிட்டதும் பல் விளக்க வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். டீயை விட்டுவிட்டேன். நடுவில் கொறிப்பதை விட்டுவிட்டேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை விட்டுவிட்டேன். புது செட் மாட்டுகிற நாட்களில் பல் எல்லாம் ஈறுக்குள் நகர்வது தெரியும். சாயங்காலம் ஆனால் தாடையிலிருந்து பின்மண்டை வரை ஒரு அலுப்பு. தூங்கினால் போகிற அலுப்பு இல்லை அது.

மதியத்துக்குமேல் வீடியோ மீட்டிங். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்க்கிறவள். இந்தத் தொழிலில் 'ஸ' இல்லாத வார்த்தை கிடையாது. ஸ்டேட்டஸ், செட்டில்மென்ட், சர்வேயர், சிஸ்டம். உறை போட்ட வாயில் ஒவ்வொரு 'ஸ'வும் சைக்கிள் டயர் மாதிரி காற்றுப் போகும்.

"உங்க மைக்ல ஏதோ காத்தடிக்குது, கொஞ்சம் பாருங்க" என்றார் டீம் லீட்.

மைக்கைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். "இப்ப ஓகேவா சார்?" அந்த 'சார்' காற்றிலேயே போனது. திரையில் மூலைப்பெட்டிக்குள் என் முகம். என் கை தானாக எழுந்து வாய்மேல் உட்கார்ந்தது. உறை மாட்டிய நாளிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் வேலை. யோசிப்பதுபோல, மூக்கைச் சொறிவதுபோல, கன்னத்தைத் தாங்குவதுபோல. இப்போதெல்லாம் நடிப்புகூட இல்லை. பேசத் தொடங்கினால் கை வந்துவிடும்.

இதே டீம் லீட்தான் நான் சேர்ந்த புதிதில், "பேசும்போது உங்க வாய் ரொம்ப பெருசா திறக்குது, ஏதோ செவிடங்களுக்குச் சொல்ற மாதிரி" என்று சிரித்தவர். சரியாகத்தான் சொன்னார். நான் பேசப் பழகியதே காது கேட்காதவர்களிடம்தான்.

அம்மா நூல்மில்லில் வேலை பார்த்தவள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் யாரும் கத்த மாட்டார்கள். சத்தமே போடாமல், உதட்டையும் நாக்கையும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். இந்தக் கோடியில் நிற்பவள் சொன்ன குசும்புக்கு அந்தக் கோடியில் நிற்பவள் இழையை ஒட்டிக்கொண்டே குலுங்குவாள். வருஷக்கணக்கில் அப்படி நின்றதில் காது போய்விட்டது. வாய்ப்பேச்சு மட்டும் வீட்டுக்கு வந்தது. காது மெஷின் வாங்கி மாட்டியும் பார்த்தோம். "சத்தம்தான் பெருசாவுது, பேச்சு பெருசாவல" என்று கழற்றி அலமாரியில் வைத்தவள் திரும்பத் தொடவில்லை. தேவையும் படவில்லை. நான் இருந்தேன். பஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்து, ஆஸ்பத்திரி வரிசையின் அந்தப் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே இருந்து, எவ்வளவு தூரத்திலும் நாங்கள் பேசிக்கொள்வோம். குரலே எழாது. மற்றவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருக்கலாம்.

உறை மாட்டியதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? என் தெத்துப்பல் அம்மாவின் தெத்துப்பல். அதே இடதுபக்கம், அதே பல், அதே மாதிரி முன்பல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தப் பல் முளைத்தபோது மில்லில் இனிப்புக் கொடுத்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தெத்து' என்று கூப்பிட்டதைச் சொல்லி அழுதபோது, "என் பொண்ணுன்னு எழுதி ஒட்டியிருக்குடி" என்று வாய்நிறையச் சிரித்தாள். அந்தப் பல்லைக் காட்டித்தான் சிரித்தாள். அதை நான் ஊரெல்லாம் அலைந்து, டாக்டரைப் பிடித்து, நெம்பி நேராக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பாத்ரூமில் பூட்டிக்கொண்டு கழற்றினேன், மாட்டினேன். வெளியே வந்து பேசும்போது, இங்கேயும் கை.

போன வாரம் அம்மா திடீரென்று, "நான் உங்கண்ணன் வீட்டுல போய் இருக்கலாம்னு பாக்கறேன்" என்றாள்.

அண்ணன் இருப்பது வேறு ஊரில். அண்ணியின் பேச்சு உதடு பிரியாத பேச்சு. அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியாது. அங்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாலே, தொட்டிக்குள் இருக்கிற மீனைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருக்குது என்பாள். "என்ன திடீர்னு?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அது பதில் இல்லை. புரியாத பேச்சுக்கெல்லாம் ஊராரிடம் அம்மா வைத்திருக்கிற 'ம்' அது. என்னிடம் அதுவரை அதை எடுத்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் தாடை வலியில் மேலே கேட்கத் தெம்பில்லை. போகட்டும், பேரனைப் பார்க்க ஆசையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீட்டிங் முடிந்து, பஸ்ஸில் நின்று, வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. நெட்டை அத்தை. அம்மாவின் மில் சிநேகிதி. எந்த மெஷினுக்குப் பின்னால் நின்றாலும் அவள் தலை தெரியும் என்பதால் ஷெட் முழுக்க அவள் வாய்தான் ரேடியோ. கதவுப் பக்கத்தில் அம்மாவின் பை, ஜிப் இழுத்து மூடி, மேலே மடித்த சால்வையோடு நின்றது. நாளைக் காலை வண்டி.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அறைவாசலில் நின்றேன். கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் முகம் பாதி என் பக்கம். உதடு ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டுக்கேட்பது தப்பு என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், ஆனால் ஒட்டுப்பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"...படிச்ச புள்ள. ஆபீஸ் பேச்சு, பெரிய பேச்சு. எங்கிட்ட என்ன இருக்கு பேச? கை வெச்சுட்டா, அப்புறம் அங்க நிக்கறது மரியாதையா சொல்லு" என்றாள் அம்மா. சத்தமில்லாமல்தான்.

நெட்டை அத்தை பதில் சொல்லத் தலையைத் தூக்கினாள், என்னைப் பார்த்தாள். பார்த்த கணத்தில் அவள் கை எழுந்து வாயை மறைத்தது. மறைவுக்குப் பின்னால் ஏதோ சொன்னாள். அம்மா திரும்பினாள்.

எனக்கு உச்சிவரை ஏறியது. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் சேர்ந்து ஏறியது.

"என்ன அத்தை, என் வீட்லயே எங்கிட்டயே கை வெக்கிறீங்க?"

நெட்டை அத்தை கையை இறக்கினாள். அவளுக்கும் காது பாதிதான். சத்தமாகப் பேசினால் தெருமுனை வரை கேட்கும். "ஏண்டி, நீ வெக்கலாம், நான் வெக்கக் கூடாதா?"

"நான் எங்க வெச்சேன்?"

"இந்தா, இப்ப எங்க இருக்கு?"

என் கை என் வாய்மேல் இருந்தது.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. எனக்குத் தெரியும், தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. தூரத்துப் பேச்சை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், ஒருத்திக்குத் தெரியக் கூடாது என்றால் அவள் இருக்கிற பக்கம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். இந்தப் பேச்சு உனக்கில்லை, நகரு என்று அர்த்தம். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட ராசியாவார்கள். கை வைத்தவளும் கை வைக்கப்பட்டவளும் ஆவதில்லை.

"மாசக்கணக்கா வாயை மூடிக்கிட்டே பேசுறியாமே" என்றாள் நெட்டை அத்தை. "கையை எடுடின்னு கேக்கச் சொன்னேன். உங்கம்மா கேப்பாளா? மானம்கெட்டுப் போயி கேக்கணுமான்றா. மூட்டையைக் கட்டிட்டா."

அம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். ஷிஃப்ட் முடிந்து மெஷினை நிறுத்தியதும் வரும் முகம். சின்ன வயதில் மில் கேட்டில் நான் காத்திருந்து பார்த்த முகம்.

நான் கையை இறக்கினேன். அது இறங்க மாட்டேன் என்றது, நிஜமாகவே கனத்தது. கட்டில் முன்னால் தரையில் மண்டிபோட்டு, டியூப்லைட் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து, பல்லைக் காட்டினேன். டாக்டருக்குக் காட்டும்போதுகூட அவ்வளவு கூசவில்லை.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. ஒரு விரல் வந்து என் பல்லைத் தொட்டது. நூல் ஒட்டி ஒட்டி நுனி வழுவழுவென்று தேய்ந்த விரல். உறையின் ஓரத்தைத் தடவி, மேட்டைத் தடவி, நின்றது.

"என்னடி இது, பிளாஸ்டிக்கா?"

"பல்லுக்குப் போடறது" என்றேன். குரல் இல்லாமல், பழையபடி, வாயைப் பெரிதாகத் திறந்து. "அசிங்கமா இருக்கு. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் மூடிக்கிட்டேன். உனக்காக இல்லம்மா. ஆபீஸ்ல, பஸ்ல, எல்லார்கிட்டயும் மூடறேன்."

அம்மா பார்த்தாள். முதலில் கண்ணில்தான் தெரிந்தது, பிறகு தோளில், பிறகு வயிறு குலுங்கியது.

"அடிப்பாவி! இவ்ளோதானா? இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தின?" அவள் நெட்டை அத்தை பக்கம் திரும்பி, "பல்லுல கண்ணாடி மாட்டியிருக்காடி" என்றாள்.

"பாத்து, கல்லு கில்லு பட்டு உடைஞ்சிடப் போவுது" என்றாள் நெட்டை அத்தை. "இந்தப் பைக்குள்ள இருக்கிற துணியெல்லாம் நான்தான் மடிச்சுக் குடுத்தேன். மரியாதையா நீயே பிரிச்சு வெச்சிடு, என்னால ஆகாது."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத் தாடை வலித்தது, சிரித்தேன். அம்மா வாயைத் திறந்து, முழுப்பல்லும் தெரிய, மில் சிரிப்பு சிரித்தாள். பஞ்சு படிந்து எல்லா முகமும் ஒன்றுபோல வெளுத்திருக்கும்போது, அந்தத் தெத்துப்பல் மின்னுவதை வைத்துத்தான் உங்கம்மாவை அடையாளம் கண்டுபிடிப்பேன் என்று நெட்டை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"சரி, எதுக்கு இது? பல்லு ஆடுதா?"

"இல்லம்மா. நேராக்கறதுக்கு."

"நேராக்கறதுக்கா? எந்தப் பல்லை?"

பொய் சொல்லியிருக்கலாம். கீழ்வரிசை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு நாள் பட்டினி கிடந்தவள் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல, ஒரு அசைவும் விடாமல். நான் விரலை எடுத்து இடதுபக்கம் வைத்துக் காட்டினேன்.

நெட்டை அத்தையின் சிரிப்பு முதலில் நின்றது.

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என் விரல் காட்டிய இடத்தில் நின்றுவிட்டது. மேலுதட்டுக்கு உள்ளே, இடதுபக்கம், அவள் நாக்கு மெல்லப் போய் எதையோ தொட்டுப் பார்ப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு மடியில் கிடந்த அவள் கை எழுந்தது. புடவை முந்தானையைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்தேன். கை மேலே வந்து வாயை மூடிக்கொண்டது.

அம்மா வாயை மூடி நான் பார்த்ததில்லை. இருமும்போதுகூட.

கைக்குப் பின்னால் ஏதோ சொன்னாள். கன்னம் அசைந்தது, தாடை அசைந்தது. என்னிடம்தான் சொன்னாள், என்னைப் பார்த்துத்தான். குரல் இல்லாமல்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.