பூட்டியிருந்த வீடு

பேராசிரியரை மாணவர்கள் முன்னால் 'சார்' என்றும் பின்னால் 'பூட்டு' என்றும் அழைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். கணக்கெடுக்கப் போன வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது?

ஊர் முழுவதையும் கேட்க முடியாது என்பதால் குலுக்கல் போட்டுச் சில வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கெடுப்பவர் வெயிலில் நடந்து போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கும். பக்கத்து வீட்டில் ஒருவர் பனியனோடு சும்மா நிற்பார். சரி, இவரையே கேட்டு எழுதிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் புள்ளியியலுக்குச் சனி பிடிக்கிறது என்றார் பேராசிரியர். எப்போது போனாலும் வீட்டில் இருப்பவர் தனி ரகம். அவரை வைத்து எடை போட்டால், ஊரே வேலைவெட்டி இல்லாமல் பனியனோடு நிற்பதாகத்தான் தெரியும். ஆகவே பக்கத்து வீட்டைத் தொடாதே, பூட்டிய வீட்டுக்கே திரும்பப் போ. இதைக் குறியீடுகளோடு நீட்டி முனைவர் பட்டம் வாங்கினார். குறியீடுகளை மாற்றிப் போட்டுப் பேராசிரியர் ஆனார்.

"பூட்டை உடைச்சுப் பிழைக்கிறவன் உண்டு. பூட்டைப் பார்த்தே பிழைச்ச ஆள் நீங்க மட்டும்தான்" என்பாள் மனைவி.

ஓய்வு பெறும் நாளன்று கடைசி உரை. மனைவியின் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். வாயில் எதுவும் தங்காத மனிதர். மேஜையில் கிடந்த உரையை எடுத்துப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மாப்ளே, பக்கத்து வீட்டை எடுக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது மச்சான்."

"அப்போ உங்களை என்ன பண்றது?"

"என்னை எதுக்கு?"

"எங்கப்பா சம்பந்தம் பேச வந்தது உங்க வீட்டுக்கில்ல. பக்கத்து வீட்டு இன்ஜினீயருக்கு. வந்து பார்த்தா பூட்டு. நீங்க வாசல்ல பனியனோட நின்னீங்க. அப்பாவுக்கு முட்டிவலி வேற. இதுவும் படிச்ச பையன்தானேன்னு உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டார். ஏன், தங்கச்சி சொல்லலியா?"

தங்கச்சி சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தேவைக்கு அதிகமாகவே கேட்டது.

பேராசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆயுசு முழுக்க எந்தப் பிழையைத் துரத்தினாரோ, அந்தப் பிழை அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் நின்றது. அந்த இன்ஜினீயர் பிற்பாடு பாலங்கள் கட்டினார். ஒன்றுகூட விழவில்லை. இவள் விரும்பித்தான் வந்தாளா, அந்த வீடு பூட்டியிருந்ததால் வந்தாளா? அவளையே கேட்டுவிடலாம். ஆனால் முகத்துக்கு நேரே கேட்டால் ஜனங்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள். அதுபற்றி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

கேட்காமலே அரங்கத்துக்குப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் வரும் இடத்தில் படிப்பதை நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார். "பக்கத்து வீட்டுக்காரர்மேல் தவறு இல்லை. அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. இயற்பியல்காரர் ஒருவர் கேள்வியே இல்லாமல் நெடுநேரம் பேசி அமர்ந்தார். அப்புறம் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மனைவி. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"சார்" என்றாள். அவள் அவரை அப்படி அழைத்ததே இல்லை. "பூட்டியிருந்த வீட்டுக்கு, யாருக்கும் சொல்லாம இன்னொரு நாள் போய்ப் பார்த்தா?"

"போகணும். அதுதான் விதி."

"போனேன். ஆள் இருந்தார்."

இதை உதாரணம் என்று நினைத்து முன்வரிசை குறிப்பெடுத்தது.

"ஆள்... எப்படி?"

"நல்லாத்தான் இருந்தார். ஸ்கூட்டரைத் துடைச்சுட்டிருந்தார். குறை சொல்ல ஒண்ணுமில்ல. அப்போ மழை பிடிச்சுது. பக்கத்து வீட்டுல ஒருத்தர் கொடியில காயுற துணிக்குக் குடை பிடிச்சுட்டு நின்னார். எடுத்து உள்ள போடலாமேன்னு தெருவுலேர்ந்தே கேட்டேன். 'இது சீக்கிரம் நின்னுடும், வாய்ப்பு அதிகம்'னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மேகத்தையே பார்த்துட்டிருந்தார்."

பேராசிரியருக்குக் குடை நினைவிருந்தது.

"ரெண்டு வீட்டையும் பார்த்துட்டுத்தான் எங்கப்பாகிட்ட சரின்னேன். குடைக்காரர்தான் வேணும்னேன். அது பிழையா சார்?"

பூட்டுக்குப் பயந்து பக்கத்து வீட்டை எடுப்பதைவிட, மனசுக்குப் பிடித்ததை எடுப்பது பெரிய பிழை. முதல் வகுப்பின் முதல் பாடமே அதுதான்.

"இல்ல" என்றார் பேராசிரியர்.

முன்வரிசை அதையும் குறித்துக்கொண்டது. மச்சான் மட்டும் இருக்கையிலிருந்து திரும்பி, "அடிப்பாவி, என்கிட்டகூடச் சொல்லலியே!" என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, உரையின் கடைசித் தாளாலேயே துடைத்தார். "மழை நின்னுதா?"

"எங்க நின்னுது? துணியெல்லாம் நனைஞ்சுது. நீங்களும்தான்."

தலைமை தாங்கியவர் எழுந்து, வேறு கேள்வி உண்டா என்றார். யாருக்கும் இல்லை. பேராசிரியருக்கும் இல்லை.