ஏஜெண்டு பெஞ்சு

மற்ற நாளெல்லாம் கந்தன் கரும்பு வெட்டுகிறவன். தேர்தல் அன்றைக்கு மட்டும் ஏஜெண்டு. தன் கட்சிக்காக வாக்குச்சாவடி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஆள் நிஜமான ஆள்தானா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதே பெஞ்சில் எதிர்க்கட்சிக்கு உட்காருகிறவர் சுந்தரமூர்த்தி. கந்தன் வெட்டுவதே அவர் கரும்பைத்தான். வரப்பில் நின்றால் "ஐயா" என்பான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் இவனுக்கு அவர் ஏஜெண்டு, அவருக்கு இவன் ஏஜெண்டு.

"இன்னா ஏஜெண்டு, உங்காளு டெபாசிட்டாவது வாங்குவாரா?" என்பார் அவர்.

"உங்காளுக்கு மொதல்ல ஊருக்கு வழி தெரியுமா கேளு, ஏஜெண்டு!"

இப்படிச் சீண்டிக்கொண்டே மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தை ஒன்றாகப் பிரிப்பார்கள். அந்த ஒரு நாளின் மிதப்பு கந்தனுக்கு அடுத்த தேர்தல் வரைக்கும் காணும்.

அப்படிப்பட்டவன் கட்சி மாறினான் என்றால் சும்மாவா? காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை போடுவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் அவன் கட்சி சொல்லும். அவனும் அதை நம்பி வீடு வீடாகச் சொல்லி ஓட்டுக் கேட்பான். போன ஐப்பசி மழையில் அவன் அம்மா அன்னம்மாளின் பாடை முழங்கால் சேற்றில் சாய்ந்துபோனது. இந்தத் தடவை வேட்பாளர் வந்தபோது அதைச் சொல்லக் காரோடு ஓடினான். கண்ணாடி பாதி இறங்கியது. "பாத்துக்கலாம்பா" என்று ஒரு குரல் வந்தது. கண்ணாடி ஏறிவிட்டது. மறுவாரமே திருத்தணிக் கல்யாண மண்டபம் ஒன்றில் எதிர்க்கட்சித் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

காலனி அவனோடு பேச்சை நிறுத்தியது. கூட்டாளி முனியன்கூட எதிரே பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். போகட்டும், சுந்தரமூர்த்தி இருக்கிறாரே, இனி ஒரே கட்சி, இன்னும் நெருக்கம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஒரு கட்சிக்கு ஒரு ஏஜெண்டுதான் உட்காரலாம். ஆனாலும் வயசானவர், நடுவில் எழுந்துபோனால் உட்கார மாற்றாளாக இவனைத்தானே கூப்பிடுவார்?

தேர்தல் அன்றைக்கு விடிந்ததும் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பெஞ்சில் சுந்தரமூர்த்தி இருந்தார். பக்கத்தில், கந்தனின் பழைய இடத்தில், முனியன்.

"இன்னா ஏஜெண்டு, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று அவர் கேட்க, முனியன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கந்தன் வாசலிலேயே நின்றான். "ஐயா, மாத்தாளு யாருங்க?"

"அதுக்கு எம்புள்ள சக்திவேலு கீறான். நீ போயி டீ சொல்லு கந்தா. ஏஜெண்டுக்கும் சேத்து சொல்லு."

முனியன் சட்டென்று குனிந்து பேனா மூடியைத் திருகினான்.

கந்தன் போய் டீ சொன்னான். பிறகு எல்லாரையும்போல வரிசையில் நின்றான். அதிகாரி அவன் பெயரைச் சத்தமாகப் படித்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் அவனை நிமிர்ந்து பார்க்காமலே தலையாட்டினார்கள். விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் அவன் பெண்சாதி மணியம்மை ஓட்டுப் போடக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, அதுக்குள்ள வந்துட்ட? உனுக்கு அங்கதான சோறு, எனுக்குப் பழஞ்சோறு போதும்னு நா ஒலையே வெக்கல."

"நீ போ. நா பாத்துக்கறேன்."

"நா பழைய கட்சிக்குத்தான் போடுவேன், சொல்லிட்டேன்."

"போடு."

தெருப் பெண்களோடு அவளும் போய்விட்டாள். பேச்சுச் சத்தம் தேய்ந்து தெரு காலியானது. கந்தன் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினான். அரிசிப் பானைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினான். ஒரே ஒரு ஆளுக்கு எவ்வளவு போடவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.