செல்லமே என்றார்

என் வீட்டுக்காரர் கிளைடர் ஓட்டுகிறவர். எஞ்சின் இல்லாத விமானம் அது. மலையைத் தாண்டும் காற்று மறுபக்கம் அலையாக எழும்பும். அதில் ஏறினால் மேகங்களுக்கும் மேலே போகலாம். அங்கே ஆக்சிஜன் குழாய்தான் கதி. தரையில் ரேடியோவோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

அன்று அவர் குரல் குழைந்து வந்தது. "செல்லமே, மேகமெல்லாம் எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா!"

"அண்ணன் இன்னிக்கு ரொம்பக் குஷி போல, அண்ணி," என்று பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரித்தார்.

நான் மைக்கை எட்டிப் பிடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிடுமூஞ்சி என்னைச் செல்லம் என்றதே இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் மூளை முதலில் குஷியாகும், பிறகு மயங்கும்.

"குழாய் கழண்டிருக்குங்க! ஏர் பிரேக்க இழுத்துக் கீழ வாங்க!"

"வரேன்டா கண்ணு..."

அதற்குப்பின் சத்தமே இல்லை. தொண்டை கட்டும்வரை "இழுங்க, இழுங்க" என்று கத்தினேன். மெக்கானிக்கின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

கடைசியில் ரேடியோ கரகரத்தது. "எதுக்குடி இப்படிக் கத்துற? எனக்கென்ன காது செவிடா? இறங்கிட்டுதானே இருக்கேன்!"



"இன்னும் திட்டுங்க," என்றேன். "தரைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."