எத்தனை வெளிச்சம் பார்த்தீர்கள்?

என் அப்பா கலியபெருமாள் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இருபது வயதில், பசிபிக் தீவொன்றில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அங்கே காவலுக்கு நின்றார். இப்போது தைராய்டில் புற்றுநோய். குண்டினால் வந்த நோய்தான் என்று பிரான்சு ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு வரும், ஆபரேஷனுக்கு ஆகும். மனுவோடு வைக்க, முத்தியால்பேட்டையில் இருக்கும் சொல்தாக்கள் சங்கத்தின் சாட்சிக் கடிதம் வேண்டும்.

சங்கச் செயலாளர் புருஷோத்தமன் குண்டைப் பார்த்தவரில்லை, இணையத்தில் படித்தவர். வானத்தில் அணுகுண்டு வெடித்தால் ஒளி இரண்டு முறை வருமாம். கண் இமைப்பதற்குள் ஒன்று, அது மங்கியதும் நீளமாக இன்னொன்று. செயற்கைக்கோளே இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறதாம். உடனே கடிதத்துக்கான படிவத்தில் ஏழாவது கேள்வி முளைத்தது: 'எத்தனை வெளிச்சம் பார்த்தீர்கள்?'

பதினொரு பேர் 'இரண்டு' என்றார்கள். அதில் ஒருவர் சர்வீஸ் முழுக்க பிரான்சில் சமையற்கட்டைத் தாண்டாதவர். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவே வந்த மங்கலை அவர்தான் அத்தனை அழகாக வர்ணித்தார்.

அப்பாவின் முறை வந்தது.

"வெளிச்சத்த நான் எங்க பாத்தேன்? முதுகு காட்டி குந்த வெச்சாங்க. கண்ண மூடி, ரெண்டு கையாலயும் பொத்திகிட்டேன். அப்பவும் என் விரல் எலும்பெல்லாம் தெரிஞ்சிது."

"எலும்புக்குக் கட்டம் இல்லியே முசியே. ஒண்ணா, ரெண்டா?" என்று பிரெஞ்சு 'ஐயா' போட்டுக் கேட்டார் செயலாளர்.

"எண்ணலியே."

கடிதம் கிடையாது என்றுவிட்டார் செயலாளர்.

"ரெண்டுன்னு சொல்லித் தொலைங்களேம்ப்பா," என்று வீடு வரை கெஞ்சினேன்.

"பாக்காதத எப்படிம்மா சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை கடிதம் வழங்கும் விழா. உறுப்பினர் அத்தனை பேரும் குரூப் போட்டோவில் நிற்க வேண்டுமாம். அப்பாவையும் ஓரத்தில் நிறுத்தினார்கள். பதினொரு சாட்சிகளும் கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபிளாஷ் அடித்தது. ஒருவர் கண்கூட இமைக்கவில்லை.

அப்பா மட்டும் திரும்பி, தரையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவர் ஏன் வெளியே போய்விடுகிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

"படத்தையே கெடுத்துட்டாரு," என்று செயலாளர் கத்தினார். "இன்னொரு தரம் எடுப்பா!"

மறுபடியும் ஃபிளாஷ் அடித்தது. அப்பா கையை எடுக்கவில்லை.

நான் மேசையிலிருந்த அப்பாவின் படிவத்தை எடுத்துச் செயலாளரிடம் நீட்டினேன்.

"ரெண்டு ஆயிடுச்சு முசியே. எழுதிக்குங்க."